பாஸ்போர்ட் வேண்டாத திருவிழா

எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் இந்தியா. என் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர், ஊர்ப் பேச்சில் சொல்தா. பாண்டிச்சேரி உப்பளம் பகுதியில் பிறந்து, உப்பளத்தில் ஞானஸ்நானம் வாங்கி, உப்பளத்திலேயே வீடும் கட்டியிருந்தாலும் கையில் இருப்பது பிரான்சு பாஸ்போர்ட். மகனும் மகளும் அப்பாவைக் கொண்டு பிரான்சுக்காரர்கள். இரண்டு பேரும் அங்கேயே வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்கும் அந்த நேஷனாலித்தே, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை, வாங்கிக் கொடுக்க அவர் பல தடவை முயன்று பார்த்தார். கோன்சுலேட்டில் ஒரு மதாம் முன்னால் உட்கார்ந்து பிரெஞ்சில் நாலு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் படித்தது எட்டாவது வரைக்கும், அதுவும் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில். கண்ணாடி முன்னால் நின்று "போன்சூர் மதாம்" என்று சொல்லிப் பார்ப்பேன். எனக்கே சிரிப்பு வந்துவிடும். அதோடு அந்த வருடத்து முயற்சி முடிந்தது.

"எப்பதான் கோன்சுலேட்டுக்கு வந்து கையெழுத்துப் போடப் போற?" என்பார் அவர்.

"தவக்காலம் முடியட்டும்."

"போன வருசமும் இதத்தான சொன்ன?"

"போன வருசமும் தவக்காலம் வந்துச்சே."

இப்படி நாள் போய்க்கொண்டிருந்தபோதுதான், இலங்கையில் சண்டையை நிறுத்திவிட்டார்கள் என்று டிவியில் சொன்னார்கள். நான் அதைக் கேட்டுச் சிலுவை போட்டுக்கொண்டதோடு சரி. நிறுத்துவதும் தொடங்குவதும் முன்பும் நடந்ததுதானே. ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தோணியார் நவநாள் முடிந்து கோவிலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன், போன் அடிக்கிறது. தங்கச்சிமடத்திலிருந்து என் தம்பி. அவன் விசைப்படகு ஓட்டுகிறவன், கடலில் கத்திப் பேசிப் பழகியவன், போனிலும் அப்படித்தான் பேசுவான்.

"சின்னக்கா! பெரியக்கா இருக்கா! உயிரோட இருக்கா! அவ மவன் போன் பண்ணுனான்!"

நான் போனைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் பதறி ஓடி வந்து, "யாருக்கு என்னா ஆச்சு?" என்றார்.  அவர் போனைப் பிடுங்கித் தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அக்கா கதையைச் சொல்ல வேண்டும். நாங்கள் பிள்ளைகளாக இருந்த காலத்தில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா என்றால் எங்கள் ஊரே வள்ளத்தில் ஏறும். தண்ணீரும் அரிசியும் கட்டிக்கொண்டு போவோம். அந்தப் பக்கத்திலிருந்து, இலங்கையின் நெடுந்தீவுக்காரர்கள் வருவார்கள். பூசை பார்ப்பார்கள், சாமான் மாற்றிக்கொள்வார்கள், பெண்ணும் மாப்பிள்ளையும் கூடப் பார்த்துக்கொள்வார்கள். அப்படித்தான் அக்காவை நெடுந்தீவில் கட்டிக் கொடுத்தார்கள். அப்போது நான் தாவணி போட்ட பிள்ளை. தம்பி கைக்குழந்தை. அக்கா கல்யாணமாகிப் போன கொஞ்ச நாளிலேயே இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுக் கடலில் கோடு கிழித்துவிட்டதாகச் சொன்னார்கள். கச்சத்தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டதாம். மிதவை கட்டிக் கயிறு இழுத்திருப்பார்கள் என்று நான் நினைத்தேன். அப்படி ஒன்றும் கண்ணில் படவில்லை. ஆனாலும் வள்ளங்கள் குறைந்துகொண்டே வந்தன. என் கல்யாணத்துக்கு அக்கா வரவில்லை, பிரசவ நேரம். அதன் பிறகு சண்டை வந்துவிட்டது. அக்கா குடும்பம் எங்கெங்கேயோ இடம் பெயர்ந்தது. அம்மா சாகும்போது அவளுக்குச் சொல்லி அனுப்பக்கூட வழியில்லை. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோணியார் என்பதால் செவ்வாய்தோறும் அவரிடம் ஒரே விண்ணப்பத்தை வைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கே அலுத்திருக்கும்.

இப்போது அக்கா நெடுந்தீவுக்குத் திரும்பி வந்துவிட்டாள். அந்த வருடம் கச்சத்தீவில் மறுபடி திருவிழா, இந்தப் பக்கத்து ஜனங்களும் போகலாமாம். அக்கா வருகிறாள். "சின்னவளைக் கூட்டிக்கொண்டு வா" என்று சொல்லச் சொன்னாளாம்.

சந்தோஷத்தில் குதித்துவிட்டு, அடுத்த நிமிடமே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "எனக்கு பாஸ்போர்ட்டே இல்லியே, எப்படிப் போறது?"

வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு, அவருடைய பழைய சொல்தா கூட்டாளிகள் பேப்பர் படிக்கக் கூடும் இடத்துக்குப் போனார். அங்கே எல்லா நாட்டுச் சமாச்சாரமும் தெரிந்தவர்கள் இருப்பார்கள். போகும்போது இருந்த முகம் வேறு, வரும்போது இருந்த முகம் வேறு. கேட் திறக்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஒண்ணும் வேணாம்! தீவு அவங்களுக்கு, சரி. ஆனா திருவிழாவுக்குப் போற நம்ம ஆளுங்ககிட்ட பாஸ்போர்ட், விசா எதுவும் கேக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலேயே எழுதி வச்சிருக்கான். நீ அரசாங்கத்த எப்பப் பாத்தாலும் திட்டுவியே, பாரு, அந்தோணியாருக்கு எடம் உட்டுத்தான் கோடு போட்டுருக்கான்!"

"நெசமாவா?"

"நான் என்னா பொய்யா சொல்றேன்? நான் இட்டுனு போறேன் உன்ன. உங்க அக்காவ நானும் பாக்கணும்ல. கட்டுன நாள்லேருந்து அக்கா அக்கான்றியே தவிர, நான் கண்ணுல பாத்ததில்ல."

நம்ம ஆளுங்க என்று அவர் சொன்னபோது நானும் தலையை ஆட்டினேன். அந்த "நம்ம"வில் அவர் சேர்த்தியா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

அதன் பிறகு வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அவர் தன் கையாலேயே கேக் செய்தார். கிறிஸ்துமஸுக்குச் செய்கிற மாதிரி முந்திரி, திராட்சை எல்லாம் ரம்மில் ஊறப்போட்டு, ரவை கலந்து, பேக்கரிக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாங்கி வந்தார். தவக்காலத்தில் கேக்கா என்று நான் முணுமுணுத்தேன். "நாம துன்னாத்தான் பாவம். கொண்டும்போயி குடுக்கறதுல என்னா பாவம்?" என்றார். பக்கத்து வீடுகளிலிருந்து காணிக்கைக்கு உப்பும் மிளகும் பொட்டலம் பொட்டலமாக வந்தன. தெருவில் மீன் விற்க வருகிற அம்மாள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். அவளும் ஒரு தேங்காயைக் கொண்டுவந்து, "உங்க சாமிகிட்ட ஒடச்சிடும்மா, எங்கூட்டுக்காரு கடலுக்குப் போறாரு" என்றாள். எங்கள் கோவிலில் தேங்காய் உடைப்பதில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன்.

கிளம்புகிற அன்றைக்கு நான் ரேஷன் கார்டையும் ஓட்டு அட்டையையும் ஒரு கவரில் போட்டுப் பைக்குள் வைத்தேன். அவர் தன் பாஸ்போர்ட்டைக் கோட்டின் உள் பையில் வைத்தார். ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சு தேசிய தினத்தில், மெடல் குத்திக்கொண்டு ஊர்வலம் போகும்போது போடுகிற கோட்டு அது.

"எதுக்கு அது? பாஸ்போர்ட் வேணாம்னு நீங்கதான சொன்னீங்க?"

"வேணாந்தான். இருந்தா ஒரு கௌரவம். நம்ம ஊர்ல இத நீட்டுனா எந்த ஆபீசுலயாவது நிக்க வச்சிருக்கானா?"

அது உண்மைதான். பாண்டிச்சேரியில் அந்தப் புத்தகத்தை நீட்டினால் நாற்காலி போடுவார்கள். பெண் கேட்டுப் போகிற இடத்தில்கூட முதலில் அதைப் பற்றித்தான் பேச்சு வரும். அதனால் எங்களுக்கு வேறு நினைப்பே வரவில்லை.

ராமேஸ்வரம் துறையில் காலையிலேயே கூட்டம். ஆளுக்கொரு தண்ணீர்க் கேன், சாப்பாட்டு மூட்டை, கையில் செபமாலை. ஒரு மேசை போட்டு அதிகாரி ஒருவர் பெயர் பார்த்து, அடையாளம் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். தம்பி எங்கள் பெயரை ஏற்கெனவே கோவிலில் பதிந்து வைத்திருந்தான். எங்கள் முறை வந்தது. நான் பைக்குள் கையை விட்டுக் கவரைத் துழாவுவதற்குள் என் வீட்டுக்காரர் கோட்டுப் பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தார். வைத்த விதத்தைப் பார்க்க வேண்டும், பீடத்தில் பூசைப் புத்தகம் வைக்கிற மாதிரி.

அதிகாரி புரட்டிப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி புரட்டினார்.

"ஐயா, நீங்க ஃபாரினர்."

"யாரு? நானா?" என் வீட்டுக்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாராவது வெள்ளைக்காரர் நிற்கிறாரோ என்று. "நான் உப்பளத்துல பொறந்தவன் சார்!"

"எங்க வேணா பொறந்திருங்க. இந்த ஏற்பாடு இந்தியக் குடிமக்களுக்குத்தான். நீங்க பிரான்ஸ்."

"இந்தப் பாஸ்போர்ட்டுக்கு பாரீசுல சல்யூட் அடிப்பான் சார்!"

"அடிப்பாங்க. ஆனா இது பாரீசுக்குப் போற படகு இல்லிங்களே."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதிகாரி நல்ல மனிதர், சிரிக்காமல் எழுந்து நின்று பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

"மச்சான், அந்தப் பொஸ்தகத்த யாரு எடுக்கச் சொன்னா? அக்கா ரேஷன் கார்டுல உங்க பேரும் இருக்குமே, அதக் காட்டிட்டுப் பேசாம ஏறியிருக்கலாம்ல?"

"அந்தோணியாரப் பாக்கப் போறவன் ஆள் மாறாட்டம் பண்ணிட்டாடா போவான்?" என்றார் அவர். பாஸ்போர்ட்டை மறுபடி கோட்டின் உள் பைக்குள் வைத்தார்.

"அம்மா, நீங்க?" என்றார் அதிகாரி.

நான் ஓட்டு அட்டையை நீட்டினேன். அவர் பார்த்தார், டிக் போட்டார், "போய்ட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான். கோன்சுலேட்டுக்குப் போகாமல் நான் தட்டிக் கழித்த நாளெல்லாம் அந்த ஒரு டிக்கில் வந்து நின்றன.

ஆனால் நான் அங்கேயே நின்றேன். கல்யாணம் ஆனதிலிருந்து கோவிலுக்கும் கடைக்கும் தவிர நான் தனியாக எங்கேயும் போனதில்லை. "நீங்க இல்லாம எப்படி?" என்றேன்.

அவர் கேக் டப்பாவை என் கையில் வைத்தார். "போ. ரெண்டு பேரும் நின்னுட்டா உங்க அக்கா யாரப் பாப்பா? நான் உன் தம்பி வூட்டுல ரெண்டு வேள துன்னுட்டுத் தூங்கறேன். இத ஒடயாம கொண்டும்போ. அடில ஈரம் படக் கூடாது."

தம்பி ஓட்ட, படகு கிளம்பியது. அவர் கோட்டுப் போட்டபடியே வெயிலில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தார். என்னோடு வந்த பெண்கள், "யாருடி அது, வெளிநாட்டுத் தூதர் மாதிரி?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நான் போன பிறகு அவர் தூங்கவெல்லாம் இல்லை என்று பின்னால் தெரிந்தது. தம்பி வீட்டுத் தெருவில் "பிரெஞ்சுக்காரர் வந்திருக்காரு" என்று பிள்ளைகள் பார்க்க வந்தார்களாம். சாயங்காலம் கோவிலில் சிலுவைப்பாதையில் சிலுவையையே அவர் கையில் கொடுத்துவிட்டார்களாம். ஊருக்கு வந்த விருந்தாளி என்று.

படகில் பாட்டும் செபமாலையும் மாறி மாறி ஓடின. நடுவில் ஒருத்தி, "தம்பி, எங்கப்பா அந்தக் கோடு?" என்று என் தம்பியைக் கேட்டாள். அவன் சுக்கான் பக்கத்தில் இருந்த சின்ன ஜி.பி.எஸ். மிஷினைக் காட்டினான். "தண்ணியில தேடாதிய. இதுலதான் இருக்கு. இந்த நம்பர் மாறும் பாருங்க, அப்பத் தாண்டிட்டோம்னு அர்த்தம்." பெண்கள் எல்லாரும் முண்டியடித்து மிஷினைப் பார்க்க வந்ததில் படகே ஒரு பக்கம் சாய்ந்தது. "ஏய், உக்காருங்க! கோட்டுக்குப் போறதுக்குள்ள மோட்சத்துக்கு அனுப்பிருவிய போல!" என்று கத்தினான். நம்பர் மாறியதும் எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும், "இவ்வளவுதானா?" என்றாள்.

தீவில் அந்தச் சின்னக் கோவிலும் முள்செடியும் மணலும்தான். அன்றைக்கு அது நகரம் மாதிரி இருந்தது. வெள்ளை உடுப்புப் போட்ட இலங்கை நேவிக்காரர்கள், பந்தல், மைக்கு. ஒரு பக்கம் இலங்கை ஜனங்கள் சோப்பும் தேங்காயெண்ணெயும் பிஸ்கட்டும் பரப்பியிருந்தார்கள். இன்னொரு பக்கம் நம் ஆட்கள் கைலியும் சேலையும் பிளாஸ்டிக் குடமும் விரித்திருந்தார்கள். ஜெபம் ஒரு காதில், பேரம் ஒரு காதில்.

அக்காவைக் கொடிமரத்தடியில் நிற்கச் சொல்லியிருப்பதாகத் தம்பி சொன்னான். கொடிமரத்தடிக்குப் போனால், தீவில் பாதிப் பேர் அங்கேதான் நிற்கிறார்கள். எல்லாரும் யாரையோ தேடி நிற்கிறவர்கள். என் மனதில் இருந்த அக்கா, இடுப்புக்குக் கீழே தொங்குகிற சடையில் கனகாம்பரம் வைத்த அக்கா. அங்கே இருந்ததெல்லாம் நரைத்த கொண்டைகள். தம்பிக்கோ முகமே தெரியாது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே சுற்றினேன். வெயில் ஏறியது. நாளைக் காலைப் பூசை முடிந்ததும் படகுகள் கிளம்பிவிடும். அதற்குள் கிடைக்காமல் போனால் என்ன செய்வது? பொறுக்க முடியாமல் கூட்டத்தின் நடுவில் நின்று, "அக்கா!" என்று கத்திவிட்டேன். இருபது பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்படியெல்லாம் கெடைக்காது" என்று தம்பி மைக்கு இருந்த இடத்துக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் அக்காவின் பெயரைத் தெளிவாகச் சொன்னார்கள். இந்தியாவிலிருந்து வந்திருக்கும் தங்கை தேடுகிறார், உடனே மைக் அருகே வரவும் என்றார்கள்.

இதில் நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம். அந்தக் கடலோரத்தில், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, பிள்ளை பிறந்தால் அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டு அவர் பெயரையே வைப்பது வழக்கம். வீட்டுக்கு ஒருத்தியாவது அந்தப் பெயரில் இருப்பாள். என் அக்காவும் அப்படித்தான். அந்தோணியார் திருவிழாவில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன ஆகும்? அக்காமார் வரத் தொடங்கினார்கள்.

முதலில் ஒருத்தி ஓடி வந்தாள், செருப்புக்கூட இல்லாமல். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, "நீ பாம்பன் பிள்ளையோ?" என்றாள்.

"இல்ல, தங்கச்சிமடம்."

அவள் கை தளர்ந்தது. அதற்குள் இன்னொருத்தி. "என்ர தங்கச்சிக்கு இந்தக் கன்னத்தில மச்சம் இருந்தது, திரும்பு பாப்பம்." திரும்பினேன். மச்சம் இல்லை. பின்னாலேயே ஒரு கிழவி, எண்பது வயதாவது இருக்கும், மூச்சு வாங்க வந்தாள். "இவள் எனக்குத் தங்கச்சியா இருக்க ஏலாது, பேத்தி வயசு" என்று தானே சொல்லிச் சிரித்துக்கொண்டு, போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நிமிடத்துக்கு நிமிடம் கூட்டம் கூடியது. வந்த யாரும் திரும்பிப் போகவில்லை. "எங்கட ஆள் இல்லையெண்டாலும் இந்தப் பிள்ளைக்கு ஆள் வாறாளா எண்டு பாத்திட்டுத்தான் போவம்" என்று வட்டமாக நின்றுகொண்டார்கள். பாம்பன்காரியைக் கேட்டவளிடம், "பாம்பன் படகு அங்க நிக்குது, விசாரிப்போம் வாங்க" என்று தம்பி அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான்.

அப்போது வட்டத்துக்கு வெளியே ஒரு சத்தம். "தள்ளுங்கோ! தள்ளுங்கோ எண்டுறன்! அவள் என்ர தங்கச்சி!" ஒரு கையில் சோப்புப் பை, இன்னொரு கையில் பாதி விலை பேசிய கைலி, அதன் மறுமுனையைப் பிடித்தபடி காசு கேட்டுக்கொண்டே ஓடி வருகிற வியாபாரி. குட்டையாக, தடிமனாக, முடி முழுக்க நரைத்து ஒருத்தி வந்து என் முன்னால் நின்றாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் காதைப் பிடித்துத் திருகினாள்.

"இவ்வளவு நேரமா எங்கயடி போனனி?"

கடைக்கு அனுப்பிய பிள்ளை தாமதமாக வந்தால் கேட்கிற மாதிரி. அந்தத் திருகல் போதும் எனக்கு, என் அக்காதான். நான் அழ ஆரம்பித்தேன், அவள் அழ ஆரம்பித்தாள், சுற்றி நின்ற அக்காமார் அத்தனை பேரும் அழுது, பிறகு கை தட்டினார்கள். எண்பது வயதுக் கிழவி, "மைக்கில சொல்லுங்கோ, ஆள் கிடைச்சிட்டுது!" என்றாள். மைக்கிலும் சொன்னார்கள். கைலிக்காரர் மட்டும், "அக்கா, கைலி வேணுமா வேணாமா?" என்று நின்றுகொண்டிருந்தார்.

பந்தல் ஓரத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அக்கா பேச்சு முழுக்க இலங்கைப் பேச்சாகிவிட்டது. "நீ என்னடி, தமிழ இப்படித் துண்டு துண்டா வெட்டிக் கதைக்கிறாய்?" என்று என்னைக் கேலி செய்தாள். "பாண்டிச்சேரில அப்படித்தான். நீ மட்டும் என்ன, பாட்டுப் பாடுற மாதிரி பேசுற?" என்றேன். தம்பி வந்ததும் அவனை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மீசை வைத்த ஆம்பளை, கூச்சத்தில் நெளிந்தான். பாம்பன் தங்கச்சியைத் தேடி வந்தவளின் வீட்டு ஆட்களும் ஒரு படகில் இருந்தார்கள் என்று அவன் சொன்னதும் எங்களுக்கு இன்னும் ஒரு பங்கு சந்தோஷம்.

"எங்க உன்ர மனுசன்? பிரான்சுக்காரர் எண்டு தம்பி சொன்னான்."

"அதனாலதான் வர முடியல. கரையில நிக்க வச்சுட்டாங்க" என்று துறையில் நடந்ததைச் சொன்னேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ர மனுசனும் நடக்க ஏலாமல் அந்தப் பக்கக் கரையில இருக்கிறார். ரெண்டு பேரும் காவலுக்கு நிண்டு எங்களைச் சந்திக்க விட்டிருக்கினம் போல!"

கேக் டப்பாவைத் திறந்தேன். அக்கா முகர்ந்து பார்த்துத் தலையைப் பின்னால் இழுத்தாள். "அடியே, சாராய மணம்! தவக்காலத்தில!" என்று சொல்லிக்கொண்டே ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டாள். கண்ணை மூடி மென்றாள். "அந்தோணியாரே, இந்தப் பாவத்தை அந்தப் பிரான்சுக்காரர் கணக்கில எழுதும்" என்றாள். இரண்டாவது துண்டையும் எடுத்தாள். வட்டத்தில் நின்ற அக்காமாருக்கெல்லாம் கொடுத்தோம். மீன்காரம்மாள் கொடுத்த தேங்காயை என்ன செய்வது என்று கேட்டேன். அக்கா அதைக் கொடிமரத்தடிக் கல்லிலேயே உடைத்தாள். "கடலுக்குப் போற எல்லாருக்கும் சேர்த்து" என்றாள். யாரும் தடுக்கவில்லை. எனக்கும் தப்பாகத் தெரியவில்லை.

சாயங்காலம் சிலுவைப்பாதை. அக்கா என் முந்தானை நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டே நடந்தாள், நான் மறுபடி தொலைந்துவிடுவேன் என்பது போல. மணலில் முழங்கால் போடும்போதெல்லாம் அவளோடு சேர்ந்தே நானும் கீழே இறங்க வேண்டியிருந்தது. பட்ட கஷ்டங்களை அவள் அதிகம் சொல்லவில்லை. கூரை போனது, மாடு போனது, பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள், அது போதும் என்றாள். அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டாள். "உன் பேரைத்தான் சொன்னா" என்றேன்.  கோவில் மணி அடித்தது, எழுந்து போனோம்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் இந்தியப் படகுகளைப் புறப்படச் சொன்னார்கள். அழக்கூடாது என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். அக்கா என் பையில் சோப்பாக அடைத்தாள். "பிரான்சுக்காரருக்கு வாசனைச் சோப்பு, தனியா வச்சிருக்கிறன்" என்றாள். நான் படகில் ஏறினேன். தம்பி இன்ஜினைப் போட்டான். படகு கரையை விட்டு விலகியபோதுதான் அக்காவுக்கு எதுவோ நினைவு வந்துவிட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். நேவிப் பையன் ஒருவன் "அம்மே! அம்மே!" என்று பின்னால் ஓடுகிறான். அவள் காதில் வாங்கவில்லை. இடுப்பு வரை தண்ணீரில் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினாள். கத்தலில் இலங்கைப் பேச்சு போய் எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

"அடியே! அம்மா வைக்கிற திருக்கைக் குழம்புக்கு மொளவு சீரகம் வறுத்தா அரைக்கும், பச்சையாவா அரைக்கும்?"

கேட்க எவ்வளவோ இருந்தது. அவளுக்கு இதுதான் தோன்றியது. நான் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"பச்சையாத்தான்! பூண்டு மட்டும் தணல்ல சுட்டுப் போடும்!"

"என்னது? சுட்டா?"

"சுட்டு!"

"யாரு சொன்னா பச்சையான்னு?" என்று படகில் ஒருத்தி எழுந்தாள். "வறுத்துப் போட்டாத்தான் வாடை அடங்கும்!" "வறுத்தா கசக்கும்" என்றாள் இன்னொருத்தி. படகே இரண்டு கட்சியாகிவிட்டது. "உக்காருங்கன்னு எத்தன தடவ சொல்றது!" என்று தம்பி கத்திக்கொண்டிருந்தான்.

அங்கே தண்ணீரில் என் அக்கா படார் படாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அடப் பாவி! இவ்வளவு காலமும் வறுத்தில்ல போட்டுக்கிட்டு இருக்கேன்! அதான் அம்மா ருசி வரல!"

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு இன்ஜின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. அருகில் வந்துவிட்ட நேவிப் பையனுக்குத் தமிழ் ஒன்றும் புரியவில்லை. அவனும் சிரித்தான். அக்கா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கரை ஏறினாள். ஏறும்போதே அவனிடம் கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கொண்டு போனாள். பூண்டு சுடுவதைத்தான் சொல்லியிருப்பாள்.